வீட்டுல முதல் ஆளா?

– ஆபீஸ் போனக் குடுங்க சார். வாசகர்கள் பேசி அனுப்பினது எல்லாத்தையும் நான் கேக்கணும்.

– பொறு பொறு. செருப்பக்கூடக் கழட்டாம வந்து நிக்குற. அத மட்டும் கேக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?

– மூணு தடவ. இது நாலாவது. குடுங்க.

– என் பொண்டாட்டிகூட இப்படி மெரட்டினதில்ல. உக்காரு புயல், ஃபேனுக்கு அடியில உக்காரு. வாசகர் கருத்தெல்லாம் தொகுத்து நேத்தே அனுப்பிட்டேனே, படிக்கலயா? நம்ம வலைப்பூவோட புது மெனு நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேருக்குச் சுலபமா இருக்காம்.

– மிச்சம் ஆறு பேரு?

– கல்யாண வீட்டுலயே குறை சொல்ல ஆறு பேரு இருப்பாங்கம்மா.

– அந்தக் கருத்துப் படிவத்த எங்க வெச்சோம் சார்?

– மெனுவுலதான். 'தொடர்பு'க்கு உள்ள, ரெண்டாவதா.

– அப்ப புது மெனுவுல வழி தெரிஞ்சவங்க கண்ணுலதான் அந்தப் படிவமே படும். வழி தெரியாதவங்க 'வழி தெரியல'ன்னு எங்க போய் எழுதுவாங்க? வீட்டுக்குள்ள வந்து உக்காந்தவங்ககிட்ட 'வாசல் கண்ணுல பட்டுச்சா'ன்னு கேட்டிருக்கோம் சார். பட்டுச்சுன்னுதான் சொல்லுவாங்க. தெருவுல நின்னவங்க போன்ல பேசியிருக்காங்க.

– யாரு சொன்னா?

– நேத்து துணிக்கடையில பில் போடுற பொண்ணு. என் மூஞ்சிய நிமிந்து பாத்துட்டு, 'அக்கா, காலேஜ்ல சேர வழி சொல்லி எழுதுவீங்களே, அந்த அக்காதானே'ன்னா. எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு! 'உங்களுக்கு மூணு தடவ பேசி அனுப்பினேன்கா'ன்னா. எனக்கு ஒண்ணுகூட வரலயே சார். ஏன் வரல?

– பாரும்மா... சில விஷயம் தெரியாம இருக்குறதே நல்லது.

– யாருக்கு நல்லது? நேராக் கேக்குறேன், நேராச் சொல்லுங்க.

– உனக்கும்தான், எனக்கும்தான். வேணாம்னு சொன்னாக் கேளு.

– போட்டுக் காட்டுங்க. இல்லன்னா டிராயர நானே தொறப்பேன்.

– சரி சரி, கை வைக்காத. அந்த டிராயர் ஒரு மாதிரி மாட்டிக்கும். இந்தா. இதுதான் அந்தப் பொண்ணு பேசினதுல முதல்ல வந்தது.

– "அக்கா, வணக்கம்கா. மேல வரிசையா ஏழு பட்டன் இருக்குமேக்கா, அதுல கடைசியா 'வீட்டுல முதல் ஆளா?'ன்னு ஒண்ணு இருந்துச்சுல்ல. அதக் காணோம்கா. எங்கப்பாவுக்குக் கையெழுத்து வராது. ஃபாரத்துல கைநாட்டு வெச்சா எடுத்துக்குவாங்களா, கூட யாரு சாட்சி போடணும்னு அதுல எழுதியிருந்தீங்க. பாதிதான்கா படிச்சேன். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

– அது வீட்டுல முதல் ஆளா காலேஜ் போறவங்களுக்காக, எங்கப்பா கைநாட்டு வெச்ச கதைய வெச்சு எழுதினது சார். அடுத்தது போடுங்க.

– "அக்கா, நாளைக்குக் கடைசித் தேதிக்கா. காலேஜ் ஆபீஸ்ல அப்பா கைநாட்டப் பாத்துட்டு ஃபாரத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க. சாட்சி வேணுமாம். அது யாரு போடணும்னு கேட்டா, சிரிக்குறாங்கக்கா. அந்தப் பக்கம் மட்டும் கெடச்சா..."

– நிறுத்தாதீங்க. மூணாவது.

– "அக்கா, தேதி முடிஞ்சிருச்சுக்கா. பரவால்ல, நீங்க வருத்தப்படாதீங்க. எனக்குத்தான் சரியாப் பாக்கத் தெரியல போல. துணிக்கடையில வேலைக்குச் சேந்துட்டேன். நீங்க ரொம்ப நல்லா எழுதுறீங்கக்கா. வெச்சுடுறேன்."

– தண்ணி குடி. குடின்னா குடி. இப்ப தெரியுதா, ஏன் வேணாம்னேன்னு?

– நீங்க எப்ப கேட்டீங்க இத?

– தேதி முடிஞ்சு நாலு நாள் கழிச்சு. எல்லாம் படிவத்துல வந்துடும்னு போனத் தூக்கி டிராயர்ல போட்டுட்டேன். அங்கேயே கெடந்துச்சு. உன்கிட்ட சொன்னா ஆபீஸ ரெண்டாக்கிடுவ, சொல்லி மட்டும் என்ன ஆகப்போகுது, போன தேதி வரவா போகுதுன்னு விட்டுட்டேன். தப்புதான். நான் இல்லன்னு சொல்லல.

– இன்னும் எத்தன பேரு பேசியிருக்காங்க?

– பதினோரு பேரு. எல்லாரும் அந்தப் பட்டனத்தான் தேடியிருக்காங்க. பக்கம் எங்கயும் போகல. 'வழிகாட்டி'யத் தட்டி, 'பொது'வுக்குள்ள போயி, 'அடிப்படைகள்'ல கீழ எறங்கினா இருக்கு. அவ்வளவு ஆழத்துல போய்க் கெடக்குது. எல்லாம் அந்த டிசைனரால வந்த வினை. ஏழு பட்டன் ஜாஸ்தி, கண்ணு கூசுது, நாலு போதும்னு மேதாவி மாதிரி பேசினானே. கூப்பிடுறேன் இரு, நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்.

– போன வைங்க சார். அவரத் திட்டாதீங்க.

– ஏன் திட்டக் கூடாது? அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றது நீயா? ஆச்சரியமா இருக்கே.

– வைங்கன்னு சொல்றேன்ல.

– எழுந்து எங்க கெளம்புற?

– ஒண்ணரைக்கு அவளுக்குச் சாப்பாட்டு நேரம். கடை வாசலுக்கு வரேன்னு காலையிலயே சொல்லிட்டேன்.

– போயி? அவளுக்கு ஒரு வருஷம் போச்சு. நீ போயி நின்னா திரும்பி வந்துடுமா? வேணாம்மா. போனேன்னா ஒண்ணு பண்ணு, கம்ப்யூட்டர்க்காரங்க பண்ண குளறுபடின்னு சொல்லிடு. நம்புவா.

– நம்புவா சார். நேத்தே, 'எங்கிட்ட இருக்குறது சின்ன போன்கா, அதான் தெரியலயோ என்னமோ'ன்னா. 'அப்படித்தான் இருக்கும்மா'ன்னு சொல்லிட்டு, பைய வாங்கிக்கிட்டு வந்துட்டேன் நானும்.

– நீ வேற என்ன சொல்லியிருக்க முடியும்? மெனுவ மாத்தினது நீயா? அந்தப் பக்கத்த எழுதினவ நீ. உன் மேல என்ன தப்பு இருக்கு? கதவ விடு, வந்து உக்காரு.

– டிசைனர் நாலாக்கினப்பவும் அத மட்டும் தொடல சார். தனியா, அஞ்சாவது பட்டனா வெச்சுத்தான் எனக்கு அனுப்பினாரு. அதுக்குக் கீழ என் போட்டோ. கூடப் படிச்சவ ஒருத்தி அத என் போன்ல பாத்துட்டு, 'அய்யோ, உங்க வீட்டுல யாருமே படிக்கலயா'ன்னு கேட்டுட்டா. அன்னைக்கே அவருக்கு மெயில் போட்டேன், 'இது மேல இருந்தா அசிங்கமா இருக்கு, யாரு கண்ணுலயும் படாத எடமாப் பாத்து உள்ள தள்ளிடுங்க'ன்னு.