கையொப்பத்தைத் திரும்பக் கேட்ட 'மறுபடி' அம்மையாருக்கு

மரபணுவின் மௌனத்தை மனிதர் மொழிக்கு மாற்றித் தந்த மாண்புடையீர்! துளி ரத்தத்தில் தொடங்கித் தூய முடிவில் நிறைவு காணும் துல்லியத்தின் துணையே! 'மறுபடி' என்னும் ஒற்றைச் சொல்லால் எங்களை வாட்டி, வதக்கி, வளர்த்து ஆளாக்கிய வணக்கத்துக்குரியீர்! மரபணு ஆய்வுப் பிரிவின் ஊழியர் அனைவரும் பணிந்து படைக்கும் பாராட்டு மடல் இது.

மடல் என்றால் முகத்துக்கு நேரே புகழ வேண்டும். ஆனால் அம்மையாரை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் என்ன நடக்கும் என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். ஆதாரம் எங்கே என்று கேட்பார். காட்டத் தவறினால் எழுந்து போய்விடுவார். ஆகையால் அவரைப் படர்க்கையில் அமர்த்தி, வேறு யாரோ ஒருவரின் கதையைப்போல் இதைச் சொல்லப் போகிறோம். இடையில் எழுந்து போகாதிருக்க அவருடைய கணவரை வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம். அம்மையாரின் பணிக்காலம் முழுவதும் அலுவலக வாசலில் வண்டியோடு காத்திருந்து பழகியவர் அவர். இன்று ஒரு நாள் உள்ளே காத்திருக்கிறார்.

அம்மையார் பணியில் சேர்ந்தபோது இந்தப் பிரிவு என்பது மூன்று அறைகளும் முனகிக்கொண்டே இருக்கும் ஒரு குளிர்பெட்டியும்தான். முதல் அறையில் மாதிரியைத் திறப்பார்கள். இரண்டாம் அறையில் அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பார்கள். மூன்றாம் அறையில் அதைக் கோடிக்கணக்காகப் பெருக்கிப் படிப்பார்கள். மூன்றாம் அறையில் கால் வைத்தவர் அன்றைக்கு முதல் அறைக்குத் திரும்பக் கூடாது. உடையில் ஒட்டி வரும் கண்ணுக்குத் தெரியாத துளி ஒன்று போதும், யாருடைய மரபணுவோ யாருடைய குழாயிலோ குடியேறிவிடும். இந்தச் சட்டத்தை எழுதியவர் வேறு யாரோ, காவல் காத்தவர் அம்மையார். மறதியாக முதல் அறைக் கதவைத் திறந்த அப்போதைய இயக்குநரையே, "சார், நீங்க மூணுலேர்ந்து வர்றீங்க. வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு நாளைக்கு வாங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். இயக்குநரும் குளிக்கப் போனார்.

இனி அவருடைய குணங்களை அடுக்க வேண்டும். நேர்மை, எளிமை, கடமை என்று எல்லா மடல்களிலும் அவை அடுக்கியே இருக்கின்றன. இனிமை என்றும் ஒரு வரி முதலில் எழுதியிருந்தோம். ரத்த மாதிரி எடுக்கும் மூத்த ஊழியர், நாங்கள் 'ஊசி அண்ணன்' என்று அழைப்பவர், அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டோம். எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் அம்மையார் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். "நல்லா வந்திருக்கு. மறுபடி பண்ணுங்க" என்பார். மோசமாக வந்திருந்தாலும் அதேதான். மறுபடி மேடம் என்ற பெயர் அப்படி ஒட்டியது; அது அவருக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அந்த 'மறுபடி'யே ஒரு முறை அம்மையாரைக் கவிழ்த்தது. இந்த மடல் சொல்ல வந்தது அதைத்தான்.

தச்சர் ஒருவர் தன் மகளைக் கேட்டு நீதிமன்றம் போயிருந்தார். மனைவி சாலை விபத்தில் இறந்தபோது அவர் வெளியூர் வேலையில் இருந்தார். சிறுமியைத் தூக்கிக்கொண்டு போன தாய்மாமன் திருப்பித் தரவில்லை. திருமணம் எங்கும் பதிவாகவில்லை. பிறப்புப் பதிவில் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தாய்மாமனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. "என் தங்கச்சி புள்ளைய யாரு என்னன்னு தெரியாம எப்படிக் குடுக்குறது?" என்று அவர் கேட்டதில் பாதி பிடிவாதம், பாதி பாசம். ஆம் அல்லது இல்லை என்று ஒரே ஒரு சொல்லைக் கேட்டு நீதிமன்றம் மாதிரிகளை எங்களிடம் அனுப்பியது.

தச்சரின் ரத்தமும் சிறுமியின் ரத்தமும் மூன்று அறைகளையும் முறைப்படி கடந்தன. பிள்ளையின் மரபணுவில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாதி தாயிடமிருந்து வந்தது, மறுபாதி தந்தையிடமிருந்து வந்தாக வேண்டும். பெரும்பாலான இடங்களில் தச்சரோடு பொருந்தியது. சில இடங்களில் பொருந்தவே இல்லை. மறுபடி என்றார் அம்மையார். அதே குழாயிலிருந்து எடுத்து மறுபடி செய்தார்கள். அதே முடிவு வந்தது. இன்னொரு முறை என்றார். இன்னொரு முறையும் அதுவே வந்தது. அந்நியனின் ரத்தம் இத்தனை இடத்தில் பொருந்தாது, அப்பனின் ரத்தம் இத்தனை இடத்தில் முரண்படாது. ஆகவே அம்மையார் 'தந்தை அல்லர்' என்று எழுதி, அதன் கீழே ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தார்: மாதிரி அளித்தவரின் நெருங்கிய ஆண் உறவினர் ஒருவர் தந்தையாக இருக்கக்கூடும். அறிவியல்படி அதில் ஓர் எழுத்தும் மிகையில்லை. கையொப்பமிட்டு அனுப்பினார்.

தச்சருக்கு இருந்த நெருங்கிய ஆண் உறவு ஒரே ஒருவர்தான், கூடப்பிறந்த தம்பி, பேருந்து ஓட்டுநர். அறிக்கையைக் கேட்ட தச்சர் நீதிமன்றத்திலிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். "அவ செத்துட்டா, அவளக் கேக்க முடியாது. உன்னக் கேக்க எனக்கு நாக்கு கூசுது. இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஒரே வரியில் மகளும் போனாள், மனைவியின் நினைவும் போனது, தம்பியும் போனான். எங்கள் பிரிவில் அன்று வழக்கம்போல் வேலை நடந்தது.

அடிக்குறிப்பைப் பார்த்த நீதிமன்றம் தம்பியின் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னது. ஊசி அண்ணன்தான் எடுத்தார். முடிவு வந்தது. தம்பியின் மரபணு அண்ணனின் மரபணுவோடு ஓர் இடம் விடாமல் ஒன்றாக இருந்தது. நெருக்கம் அல்ல, ஒற்றுமை அல்ல, ஒரே ஆள். அப்படியானால் தம்பியும் தந்தை இல்லை, அடிக்குறிப்பும் பொய்.

இத்தகைய நேரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் தோன்றுவது ஒன்றே ஒன்று: குழாய் மாறிவிட்டது. ஊசி அண்ணனிடம் எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் அந்தத் தாளோடு அம்மையாரின் மேசைக்கு வந்தார். "மேடம், எனக்குக் கண்ணு மங்கியிருக்கலாம், கை நடுங்கியிருக்கலாம். ஒரு ஆளக் குத்திட்டு ரெண்டு பேரு எழுதுற அளவுக்கு இன்னும் போகல" என்றார். அம்மையார் அவரை உட்காரச் சொல்லவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. சகோதரர்கள் இருவரையும் வேறு வேறு நாளில் வரச்சொல்லி, வேறு வேறு அறையில் அமர்த்தி, தம் கையாலேயே ரத்தம் எடுத்தார். முதல் குழாயிலிருந்து முடிவு வரை யாரையும் தொடவிடவில்லை. மறுபடியும் அதே ஒரே ஆள்தான் வந்தார்.

வழக்கில் சம்பந்தப்பட்டவரோடு ஆய்வாளர் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. அம்மையார் அன்று அதை மீறினார். தம்பியை மறுபடி வரவழைத்து, காத்திருப்போர் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீங்களும் உங்க அண்ணனும் ரெட்டப் புள்ளைங்களா?"

"இல்லம்மா. அவரு எனக்கு அஞ்சாறு வருசம் மூத்தவரு."

"அவருக்கு எப்பவாவது உடம்புக்கு ரொம்ப முடியாமப் போச்சா?"

"ரத்தப் புத்துநோய் வந்துச்சும்மா. பாப்பா அப்ப கைக்குழந்த. பொழைக்க மாட்டாருன்னுட்டாங்க. அப்புறம் என் எலும்பு மஜ்ஜைய எடுத்து அவருக்கு வச்சாங்க. நல்லாயிட்டாரு."

"இத ஏன் யாருமே சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா."

அவர் சொன்னது சரி. அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா என்றுதான் எங்கள் படிவம் கேட்டது. தச்சர் 'இல்லை' என்று உண்மையைச் சொல்லியிருந்தார். எலும்பு மஜ்ஜைதான் ரத்தத்தை உண்டாக்குகிறது. தம்பியின் மஜ்ஜை அண்ணனின் எலும்புக்குள் குடியேறிய நாளிலிருந்து, அண்ணனின் நரம்பில் ஓடியது தம்பியின் ரத்தம். தோலும் முடியும் பிள்ளை பெற்ற உடம்பும் மட்டும் அவருடையவை. அந்த ரத்தத்தை நாங்கள் மூன்று முறை அல்ல, முந்நூறு முறை சோதித்திருந்தாலும் அது சிறுமிக்குச் சித்தப்பனாகத்தான் இருந்திருக்கும். அறைகளைக் காத்தோம், குழாய்களைக் காத்தோம், மறுபடி மறுபடி செய்தோம்; எல்லாவற்றையும் ஒரே ரத்தத்தில் செய்தோம். உயிரைக் கொடுத்தவன் மீதே பழியைப் போட்டோம்.

தச்சரின் தலையிலிருந்து வேரோடு பிடுங்கிய சில முடிகள் போதுமானவையாக இருந்தன. ஓர் இடம் விடாமல் சிறுமியோடு பொருந்தின. அவர்தான் அப்பா.

இயக்குநர் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார், ஆனால் எங்கள் சுவர்கள் மெல்லியவை. "புதுசா ஒரு அறிக்கை குடுங்க. பழசத் தப்புன்னு ஏன் எழுதணும்? கையெழுத்துப் போட்டத திரும்ப வாங்குனா, இதுவரைக்கும் குடுத்த அத்தனையையும் தோண்டுவாங்கம்மா."

"தோண்டட்டும் சார். நாமளே மொதல்ல தோண்டிருவோம்."

"அடுத்து இந்த நாற்காலிக்கு உங்க பேரத்தான் எழுதி வச்சிருக்கேன்."

"அதையும் மறுபடி பாத்துக்கங்க சார்."

முந்தைய முடிவும் அடிக்குறிப்பும் தவறு, இரண்டையும் எழுதியவள் நான் என்று அம்மையார் அறிக்கையில் எழுதினார். நீதிமன்றத்திலும் போய்ச் சொன்னார். ஊசி அண்ணனிடம் கேட்ட விளக்கத்தையும் தாமே திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார்.

தீர்ப்பு வந்த அன்று அம்மையார் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். துணைக்குப் போன ஊசி அண்ணன் கூட இருந்தார். தாய்மாமன் சிறுமியின் துணிப்பையைத் தச்சரிடம் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். மகள் அப்பாவின் விரலைப் பிடித்திருந்தாள். தம்பி சற்றுத் தள்ளி நின்றவர், அண்ணனிடம் போகாமல் அம்மையாரிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "பேப்பர மாத்திட்டீங்க, சரிம்மா. எங்கண்ணன் அத நம்புனாரே. அத எப்படி மாத்துறது?" என்றார்.

தம்பி படியிறங்கிப் போனார். தச்சர் "டேய்" என்று ஒரு முறை கூப்பிட்டார். தம்பி திரும்பவில்லை.

அதன் பிறகு நடந்தவை அலுவலகத்துக்குத் தெரிந்தவை. இயக்குநர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. 'இல்லை' என்று முடிந்த பழைய அறிக்கைகள் அனைத்தையும், இந்த முறை முடி மாதிரி வாங்கி, அம்மையார் மறுபடி சோதித்தார். எதிலும் பிழையில்லை என்று வந்தது, ஆனால் அவர் மகிழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை. மஜ்ஜை பற்றிய கேள்வி படிவத்தில் ஏறியது. 'இல்லை' என்று எழுதும் முன் உடம்பின் வேறோர் இடத்திலிருந்தும் மாதிரி எடுப்பது இப்பிரிவின் வழக்கமாயிற்று. அதனால் தம் அப்பாவைத் தவறவிடாத பிள்ளைகள் எத்தனையோ பேர் எங்கோ இருக்கிறார்கள். அம்மையாரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. டீ நேரத்தில் மட்டும் எப்போதாவது, "அந்த ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களாண்ணே?" என்று ஊசி அண்ணனைக் கேட்பார். "நமக்குத் தெரியக் கூடாது மேடம், விதி" என்பார் அவர். அம்மையார் டம்ளரைக் கழுவப் போய்விடுவார்.

அம்மா, இனி உங்களை முன்னிலையில் அழைக்கிறோம். நோயும் நொடியும் நெருங்காமல், கண்ணும் கையும் கடைசிவரை கூர்மையாய், காத்திருந்த கணவரோடு கால் போன போக்கில் நடந்து, நெடுங்காலம் நிறைவாக நீங்கள் வாழ வேண்டும். மறுபடி என்று சொல்ல ஆளில்லாத அறைகள் எங்களுக்கு நன்றாக இருக்காது. அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்.

பரிசாகப் பொன்னாடையும் கடிகாரமும் தந்தோம். இன்னொன்றும் உண்டு. அந்த வழக்கு முடிந்து பல காலம் ஆயிற்று. நீங்களும் இன்றோடு ஓய்வு பெறுகிறீர்கள். ஆகையால் விதி இனி யாரையும் தடுக்காது என்று நாங்களாகவே முடிவு கட்டி, ஊசி அண்ணனை ஒரு முகவரிக்கு அனுப்பினோம். ஆதாரம் கேட்பீர்கள். கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள் அம்மா.

மூவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஓட்டி வந்தவள் மகள். "பிரேக்க இப்படியா மிதிப்ப?" என்று முன் இருக்கையிலிருந்து வழி நெடுகக் குறை சொல்லி வந்தவர் சித்தப்பா. "நீ வாய மூடிக்கிட்டு வாடா" என்று பின் இருக்கையிலிருந்து அதட்டி வந்தவர் அப்பா. இறங்கிய பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. மடல் வாசிக்கிறார்கள், கொஞ்சம் நிறுத்துங்கள் என்று நாங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்ஙனம்,
உங்கள் மூன்று அறைகளின் ஊழியர்கள்