இரண்டாவது கியர்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்.

"டீசல் காரு வாங்கியும் மைலேஜு பாதிகூட வரலண்ணா. டீசல துன்னுக்கினே இருந்துச்சி."

"ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்."

"மாத்திட்டேன். இன்ஜெக்டரும் க்ளீன் பண்ணியாச்சி."

"டயர்ல காத்து?"

"சரியாத்தான் கீது."

"அப்ப நீ ஓட்டறதுலதான் கோளாறு."

"ஆமாண்ணா. பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறப்ப வண்டி குலுங்குனா வலியில துடிப்பா. அதனால ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கினு போவேன்."

பஸ் புத்தலப்பட்டைத் தாண்டியது. பிறகு அவரே தொடர்ந்தார்.

"நேத்து திருப்பதில சேத்துட்டேன். இனிமே பொழைக்கிறது கஷ்டம்னு சொல்ட்டாங்க. நான் மட்டும் திரும்பி வந்தேன். மைலேஜு நல்லா குடுத்துச்சிண்ணா. அதப் பாத்ததுலருந்து வண்டியத் தொட மனசே வரல."