மூன்றாவது சரணம்

எழுதிப் பழக்கமில்லாத ஒருவன் எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தென்காசி முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து, பிறர் சொன்னதை எழுதியிருக்கிறேனே தவிர, சொந்தமாக ஒரு வரியும் எழுதியவனல்லன். பிழைகள் இருக்கக்கூடும். ஆயினும், ஜப்பான் நாட்டு மின்சாரம் நம்முடையதில் பாதி அழுத்தம்கூட இல்லாதது என்பதிலிருந்து தொடங்குவது முறையாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

அதை எனக்குச் சொன்னவர் மேலகரம் குத்தாலிங்கம். கோபே துறைமுகத்தில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு எண்பத்து நான்கில் ஊர் திரும்பியவர். வரும்போது மரப்பெட்டி போன்ற ஓர் இயந்திரத்தையும், அதற்குரிய டேப்புகளையும் கொண்டுவந்தார். கராவோக்கே என்று அதற்குப் பெயர். டேப்பில் பாட்டின் இசை மட்டும் இருக்கும்; பாடகரின் குரல் இராது. அந்த வெற்றிடத்தை மைக்கைப் பிடிப்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். நம் மின்சாரத்தில் நேரே செருகினால் எரிந்துவிடும் என்பதால், டிரான்ஸ்பார்மர் ஒன்று பக்கத்திலேயே முனகிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டு மாடியறையில் நாங்கள் நால்வர் கூடுவோம். குத்தாலிங்கம், தென்காசியில் தையற்கடை வைத்திருந்த தாணு, போலீஸ் ஏட்டு மந்திரமூர்த்தி, அவர்கள் சாமி என்று அழைக்கும் நான். எல்லோரும் ஐம்பதை ஒட்டிய வயதினர்.

முதல் நாள் தாணு கேட்டது நினைவிருக்கிறது. "ஏலே குத்தாலிங்கம், இது ஒப்பாரியா லே, காதல் பாட்டா லே?"

"ரெண்டுந்தாம்லே. அம்பது வயசு ஆம்பளைக அழுவதுக்குன்னே உண்டாக்குனது. சப்பான்காரன் ஆபீசு முடிஞ்சு கோட்டும் டையுமா வந்து, மைக்கப் பிடிச்சு அழுவான். பெறகு மொகத்தக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிருவான்."

"கோட்டு இல்லாதவன் என்னலே செய்ய?"

"நீ தைச்சுப் போட்டுட்டு வா."

ஜப்பானியச் சொற்கள் எங்களுக்குப் புரியாதவை. குத்தாலிங்கம் பொருளைச் சொல்வார். அவரவர் வாயில் வந்த தமிழை அந்த மெட்டில் ஏற்றிக்கொள்வோம். நாளடைவில் இரண்டு வழக்கங்கள் நிலைபெற்றன. ஒருவர் தமக்கென்று எடுத்துக்கொண்ட டேப்பை மற்றவர் பாடலாகாது. ஒருவர் பாடும்போது, கூரையே இடிந்து விழுந்தாலும் குறுக்கே பேசலாகாது. இரண்டாவது வழக்கம் எனக்கு மிகவும் உகந்தது. குறுக்கே பேசுவது என் இயல்பிலேயே கிடையாது.

இவ்விடத்தில் என் மனைவி நீலாவைப் பற்றிக் கூற அனுமதி வேண்டுகிறேன். எண்பத்திரண்டில் ஒரு நாள் வயிற்றுவலி என்று அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் யாரோ ஒரு பெரியவருடன் நின்று பேசிக்கொண்டிருந்தார். "ஏன்னா, போய்ச் சொல்லுங்கோளேன்" என்றாள் நீலா. பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்தது. அவர் என் பக்கம் திரும்பியபோது பெஞ்சில் நீலா சாய்ந்திருந்த விதம் மாறியிருந்தது. அன்று எனக்கு அழுகை வரவில்லை. காரியங்கள் முடிந்த பிறகும் வரவில்லை. எனக்கு அழத் தெரியாது என்றே முடிவு செய்துகொண்டேன்.

நான் எடுத்துக்கொண்ட டேப், பனி பெய்யும் ஸ்டேஷனில் ஒருவன் நிற்பதைப் பற்றியது என்றார் குத்தாலிங்கம். வண்டி புறப்படுகிறது, உள்ளே அவள், அவன் கையைத் தூக்குவதற்குள் வண்டி போய்விடுகிறது. பனியை நான் கண்டதில்லை. மற்றது எனக்குத் தெரிந்ததுதான். மூன்று சரணங்களுக்கும் தமிழ் எழுதினேன். மைக்கைத் தொடும் துணிவு வர ஓராண்டு ஆயிற்று. பாடிய முதல் நாளே, மூன்றாவது சரணத்தில், மூவர் முன்னிலையில் அழுதேன். மந்திரமூர்த்தி தம் துண்டை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீலாவிடம் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்லி வந்தேன். வேறெங்கும் அது எனக்குக் கூடவில்லை.

எண்பத்தாறு ஆனி மாதத்தில், இயந்திரத்தை விற்றுவிட்டதாகக் குத்தாலிங்கம் அறிவித்தார். குற்றாலத்தில் புதிதாகத் திறந்த ஒரு லாட்ஜுக்கு.

"சீசனுக்கு வாறவங்க பாடட்டுமே சாமி. இங்கன கெடந்து தூசிதான அடையுது."

"அந்த ஒரு டேப்பை மட்டும் நேக்குத் தரப்படாதா?" என்று கேட்டேன்.

"டேப்ப மட்டும் வச்சு என்ன செய்வீரு? வண்டி இல்லாம தண்டவாளத்த வச்சுக்கிட்டா? அது செட்டோட போவுது சாமி. உம்ம பாட்டும் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. வரியெல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன்."

தாணு சிரித்தான். "சாமி பாட்ட இனிமே ஊரே பாடப்போவுது. குடிச்சுட்டு வந்து பாடுவானுவ பாரும், அப்பத்தான் அதுக்கு ருசி."

அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. இதை வாசகர்கள் நம்ப வேண்டும். நல்லது என்றுதான் சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு காலை, வழக்கம்போல் மலைமேல் ஒரு சிற்றருவிக்குக் குளிக்கப் போனோம். போலீஸ் காவலோ கம்பியோ அங்கே கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் எங்கள் பக்கத்தார் ஒருவரை மேலே பாறையில் உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். மலை உச்சியில் பெய்யும் மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் செந்நிறம் கண்டு, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், பின்னால் வெள்ளம் வருகிறது என்று பொருள். பாறையில் இருப்பவர் உடனே சத்தம் கொடுக்க வேண்டும். எனக்கு நீர்க்கோவை உண்டு. எண்ணெய்க் குளியல் ஆகாது. ஆகவே பாறை எப்போதும் என்னுடையது.

அவர்கள் மூவரும் உடல் முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவிக்குச் சற்றுத் தள்ளியிருந்த கசம் என்னும் ஆழ்மடுவில், என் பாறைக்கும் எதிர்ப்பாறைக்கும் நடுவே கழுத்தளவு நீரில் இறங்கினார்கள். பேச்சு இயந்திரத்தில் வந்து நின்றது. இனி அதைத் தொடப்போவதில்லை என்பதாலோ என்னவோ, குத்தாலிங்கம் என் பாட்டைப் பாடத் தொடங்கினார். தாணு அழுவதுபோல் மூக்கை உறிஞ்சிக் காட்டினான். "ஏலே, சாமி இருக்காருலே" என்ற மந்திரமூர்த்தியும் இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டார்.

விசாரணையில் நான் சொன்னது இது: தண்ணீர் சிவந்ததைக் கண்டதும் கத்தினேன், இரைச்சலில் அவர்கள் காதில் விழவில்லை. இன்ஸ்பெக்டர் என் தோளில் கை வைத்தார். "இவரு கத்துனா பக்கத்துல இருக்கவனுக்கே கேக்காதேய்யா" என்று மற்றவர்களிடம் சொன்னார். என் குரலை அறிந்தவர்கள் எவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நடந்தது வேறு. தண்ணீர் நிறம் மாறியதை முதல் சரணத்தின்போதே கண்டேன். ஒருவர் பாடும்போது குறுக்கே பேசலாகாது என்பதால் இருந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையன்று. இரண்டாவது சரணம் முடிந்ததும் பாட்டு நின்றது. குத்தாலிங்கம் சிரித்துக்கொண்டே கரைப் பக்கம் நகர்ந்தார். சருகுகள் அப்போது என் பாறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் ஏறி வர அவகாசம் இருந்தது. யாரும் பேசவில்லை, குறுக்கிட ஏதுமில்லை.

"மூன்றாவதையும் பாடிடுங்கோளேன்" என்றேன். "அதுதானே நன்னா இருக்கும்."

"சாமியே கேக்காரு பாருலே" என்று மகிழ்ந்து, குத்தாலிங்கம் மறுபடி நடுவே போய் நின்றார். இம்முறை அவர் கேலியாகப் பாடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நன்றாகவே பாடினார். பாட்டு முடிவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. மந்திரமூர்த்தி மட்டும் என் பாறையின் விளிம்பைப் பற்றினார். எண்ணெய் தேய்த்த கை. பாறை அதை வைத்துக்கொள்ளவில்லை. என் தோளில் துண்டு இருந்தது. அதை நான் நீட்டவில்லை.

இழப்பு விவரம் வருமாறு. குத்தாலிங்கம், வயது நாற்பத்தொன்பது. அவர் மனைவி ஆவுடைத்தாய் வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். தாணு, வயது ஐம்பத்தொன்று. கடையில் அவன் வெட்டிப் போட்டிருந்த துணிகளை உரியவர்கள் தைக்காமலே எடுத்துச் சென்றார்கள். மந்திரமூர்த்தி, வயது ஐம்பத்து நான்கு, உடல் கிடைக்கவில்லை. இயந்திரமும் டேப்புகளும் லாட்ஜைச் சேர்ந்தன. எனக்குச் சனிக்கிழமை மாலைகள் இல்லாமற்போயின. எல்லாவற்றையும் நடுநிலையோடு கூட்டிப் பார்க்கையில், நால்வரில் அதிகம் இழந்தவன் நான்தான் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.