ரீட்டாவின் காலேஜ் ஃபீஸ்

எழுபதுகளில் ஒரு காலை, தாம்பரத்தில் புறப்பட்ட மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரீட்டாவைக் காலேஜ்ல சேர்த்துட்டோம் அக்கா," என்றாள் இளையவள்.

"உன் தங்கச்சியையா? அவளுக்குப் பத்துக்கு மேல எண்ண வராதேம்மா!"

"அவளை மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே ரெண்டு வருஷப் படிப்பு ஆரம்பிச்சிருக்காங்க. சமையல், தையல் எல்லாம் சொல்லித் தராங்க. இவ அதைக் காலேஜ்னுதான் சொல்றா."

"ஃபீஸுக்கு என்ன பண்ணீங்க?"

"அவ கல்யாணத்துக்குன்னு அம்மா வெச்சிருந்த வளையலை வித்துட்டோம். அப்பா மூணு நாள் யார்கிட்டயும் பேசல."

"இப்போ?"

"நேத்து சாயங்காலம் முதல் தடவையா தனியா பஸ்ல வந்து இறங்கினா அக்கா. ஸ்டாப்ல காத்துக்கிட்டு நின்ன அப்பா அழுதுட்டாரு. இவ முந்தானையால அவர் கண்ணைத் துடைச்சுட்டு, 'காலேஜ் பொண்ணோட அப்பா ரோட்ல அழலாமா?'ன்னு கேட்டா."