அப்பா இருந்த டப்பா

அட, சிரிக்காதீங்கக்கா, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கம்ப்யூட்டர் ஒரு ஆளச் சாகடிக்குமான்னு கேக்குறீங்க. எங்கப்பாவையே சாகடிச்சுதே!

என் கல்யாணப் பத்திரிகைதான். இப்பல்லாம் அச்சடிக்கிறதோட வெப்சைட்டும் போடுறாங்கல்ல? எனக்கு அந்த வேலைதான், மாப்பிள்ளை ராம்கிக்கும் அதே வேலைதான். ஆமாக்கா, ஆபீஸ்ல பழகினதுதான். எங்க வீட்டு விவரத்த நான் அனுப்பினேன், அவங்க வீட்டோடதையும் சேர்த்துப் போட்டது அவரு.

எப்படிச் சேர்க்கிறதா? ரெண்டு அலமாரின்னு வச்சுக்குங்க. ரெண்டுலயும் குடும்பம்னு பேரெழுதி ஒரு டப்பா. எங்க டப்பாக்குள்ள பொண்ணு வீடுன்னு ஒரு குட்டி டப்பா, அவங்களுதுல மாப்பிள்ளை வீடுன்னு. மூடியத் தொறந்து ரெண்டு குட்டி டப்பாவையும் ஒண்ணா வைக்கணும், அதான் மொற. அவசரத்துல ஒரு வரி எழுதிச் சேர்த்தா, கம்ப்யூட்டர் மூடியத் தொறக்காது. மேல ஒரே பேரா? மொத டப்பாவக் கடாசிட்டு ரெண்டாவத வச்சிரும். எங்களுது போச்சு.

வெப்சைட்ல அவங்க பெரியப்பா, சித்தப்பா எல்லாம் வரிசையா நிக்கிறாங்க. நான் மட்டும் வெறும் எழில்மொழி. அப்பன் பேரு இல்லாத பத்திரிகையப் பாத்தா நம்ம சனம் என்ன நெனைக்கும்? அரசப்பன் போய்ச் சேர்ந்துட்டான்னு பஞ்சநதம் மாமா மாலையோட வந்துட்டாரு. அமிர்தம் அத்தை தெருமொனையிலேயே மாருல அடிச்சுக்கிட்டு வருது. எங்கப்பா வாய்க்கால்ல மம்பட்டியக் கழுவிட்டு நேரா எதிர்ல வர்றாரு! அத்தைக்கு வந்த அழுகைய நிறுத்த முடியல. ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் காபியே குடிச்சுது. மாலைய எங்கப்பா வாங்கி மாட்டுக்குப் போட்டாரு.

சரி பண்றது கஷ்டமில்லக்கா. உள்ள வரைக்கும் எறங்கிச் சேர்க்கிறதுக்கு டீப் மெர்ஜ்னு பேரு, ஒரு வரி மாத்தினா போதும். ராம்கிகிட்ட போன்ல சொன்னேன். அவரு இழுத்தாரு. இப்படியே இருக்கட்டுமே எழில், உங்கப்பா பேரு, தெருப் பேரெல்லாம் பாத்தா எங்க சித்தப்பாங்க நூறு கேள்வி கேப்பாங்கன்னாரு.

கம்ப்யூட்டர் மேல எனக்குக் கோவமே இல்லக்கா. அது தொறந்து பாக்காமத் தூக்கிப் போட்டுச்சு. இவரு தொறந்து பாத்துட்டுல்ல வேணாங்குறாரு.

கும்பகோணத்துல எங்க எறங்கிப் போறேனா? ராம்கி வீட்டுக்குத்தான். நிச்சயத்துக்கு அவங்க எடுத்த பொடவையத் திருப்பிக் குடுத்துட்டு, அடுத்த பஸ்ஸுக்கே வந்துருவேன். ஊர்ல யாருக்கும் தெரியாது. அப்பாகிட்ட, பிளவுஸ் தைக்கக் குடுத்துட்டு வரேன்னு சொல்லிருக்கேன்.