பாஸான பயம்

கும்மிடிப்பூண்டி ரயில் பொன்னேரியைத் தாண்டியதும், எதிர் சீட்டிலிருந்த கட்டட சூப்பர்வைசர் கூட வந்த மச்சானிடம் புலம்ப ஆரம்பித்தார்.

"என் ஊட்டு கான்கிரீட்டு டெஸ்ட்ல பாஸாயிடுச்சு மச்சான். அதான் பயமா கீது."

"பாஸானா சந்தோஷம்தானே? இன்னாத்துக்கு பயம்?"

"மிஷின்ல வச்சு நசுக்கிப் பாக்க, சாம்பிளுக்கு கான்கிரீட்டுல ஒரு க்யூபு கட்டி அனுப்புவோம்ல? அதுக்கு மட்டும் சிமெண்ட்ட கூடப் போட்டு தனியா கலக்கணும்னு மேஸ்திரிக்கு சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அத்த போய் உன் ஊட்டுக்குமா செஞ்சான்?"

"கேட்டேன். 'சார் ஊடாச்சேன்னு எப்பவும் போடுறத விட ரெண்டு கரண்டி சேத்தே போட்டேன்'னு சிரிக்கிறான்."

"அப்ப நல்லதுதானே! எதுல போட்டான், தளத்துலயா?"

"க்யூபுல!"