ஜெசிக்கா சாட்சி சொல்லமாட்டாள்

அந்த ஃபோனைக் கீழ வையுங்கோ பிரதர். தங்கச்சியை வீடியோ எடுக்க நான் விடமாட்டன். ஓம், அம்மா ஓமெண்டவ தான். அம்மா தேத்தண்ணி போடப் போயிட்டா, இப்ப இஞ்ச நிக்கிறது நான். டிலுக்சன், இவளின்ர அண்ணன். சபைக்குள்ள என்னைக் கண்டிருக்கமாட்டியள், நான் வெளியில சைக்கிளில இருக்கிறனான்.

ஜெசிக்கா, நீ உள்ள போ. போ எண்டுறனெல்லோ.

ஒம்பது வயசுப் பிள்ளை, என்ன சாட்சி? வலிப்பு வந்தது, பாஸ்ரர் தலையில கை வைச்சார், நிண்டுட்டுது. இதைச் சொல்லத்தானே அவளைக் கதிரையில இருத்தினனீங்கள்? சரி, எனக்கு ஒண்டு விளங்கேல்ல. வலிப்பு ஏன் வந்தது?

பாவத்தாலயோ. ஆரின்ர பாவம்?

அதுக்குப் பாஸ்ரர் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு மறுமொழி சொன்னவர். முதல், அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தின பாவமாம். அம்மா மாதா படத்தைக் கழட்டினா, வலிப்பு நிக்கேல்ல. பிறகு அப்பா குடிக்கிற பாவமாம். இந்தக் கரையில குடிக்காத தகப்பன் எத்தினை பேர்? அவையின்ர பிள்ளையள் எல்லாம் பந்தடிச்சுக்கொண்டு திரியுதுகள். கடைசியா ஆதாமைப் பிடிச்சார். ஆதாம் பழம் திண்டதுக்கு இந்தத் தாழ்வுபாட்டு ஊரில இவள் ஏன் நுரை தள்ளவேணும்?

சிரியாதேங்கோ. பள்ளிக்கூடத்தில என்ர வகுப்புப் பெடியன் டிலோஜன் ஜன்னல் கண்ணாடியை உடைச்சதுக்கு வகுப்பு முழுக்க அடி விழுந்தது. அண்டைக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தனான், பிறகு அந்தப் பக்கம் போகேல்ல. வாத்தி செய்தா அநியாயம், கடவுள் செய்தா நீதியோ?

சிலுவையில ரத்தம் சிந்தி எல்லாத்தையும் கழுவியாச்சு எண்டும் நீங்கள் தான் சொல்லுறியள். கழுவி முடிஞ்சுதெண்டா பிறகு எங்கால ஊத்தை?

விசுவாசிக்கவேணும், ஓம். சுகம் வந்தா ஆண்டவருக்கு மகிமை, வராட்டி எங்கட விசுவாசம் காணாது. உங்கட பக்கம் கோலே விழாத மட்ச் இது. றெஃபறியும் நீங்கள்.

பெருமையில கேக்கிறனோ? அதுவும் பாவமோ? நல்லாயிருக்கு.

எனக்குச் சபையே வெறுத்துப்போனது எதுக்குத் தெரியுமோ? சனமெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு நிக்க, பாஸ்ரர் இவளை முழங்காலில விட்டு, நீ என்ன பாவம் செய்தனி, சொல்லு மகளே எண்டவர். இவள் யோசிச்சு யோசிச்சு, வகுப்பில வேணுஜாவின்ர பென்சில் அழிறப்பரை எடுத்தனான் எண்டாள். அல்லேலூயா எண்டு கத்தினியள். நீங்களும் தான், உங்கட குரல் எனக்கு வெளியில கேட்டது. ஒரு அழிறப்பருக்கு! அடுத்த முறை விழுந்து எழும்பி, வாயில ரத்தத்தோட என்னட்டக் கேக்கிறாள், அண்ணா, நான் அதைத் திருப்பிக் குடுத்திட்டன் தானே, இன்னும் ஏன் வருது எண்டு. உங்களிட்டக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்? அரியண்டமாக் கிடக்கு பிரதர்.

ஓம், நாலு மாசமா வலிப்பு வரேல்ல. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்ல.

அரிப்பு ஊரில கிறேஸ் அக்கா எண்டு அம்மாவின்ர சிநேகிதி. அவவின்ர பெடியனுக்கும் இதே வருத்தம். ஜெசிக்காவின்ர கதையைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமையில இருந்து பெடியனுக்கு வலிப்பு மருந்துக் குளிசையை நிப்பாட்டிப்போட்டா. நேற்று விழுந்து மண்டை உடைஞ்சிட்டுது. எங்கட விசுவாசம் காணாது எண்டு அவவும் அம்மாவும் ஃபோனில அழுகினம். இந்த வீடியோவையும் போட்டா இன்னும் எத்தினை பேர் நிப்பாட்டுவினம்?

அதுதான், அம்மா வரமுதல் கேளுங்கோ. இவளை ரியூசனுக்கெண்டு சைக்கிளில ஏத்திக்கொண்டு நான் மாதாமாதம் போறது மன்னார் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு. முந்தி அம்மா ஒரு நாள் குளிசை குடுப்பா, ஒரு நாள் ஜெபம் பண்ணுவா. இப்ப நான் குடுக்கிறன், ஒரு நாளும் விடுறேல்ல. இண்டைக்குக் காலமையும் போட்டவள்.

நாலு மாசத்துக்கு முந்தி தலையில கை வைச்ச அண்டைக்கு, ஜெபம் முடியப் பாஸ்ரர் குளிசைப் பையை என்ர கையில தான் தந்தவர். இது அவிசுவாசம், கொண்டுபோய்க் கடலுக்கை எறிஞ்சிட்டு வா எண்டு. கடற்கரை வரைக்கும் போனனான். எறியேல்ல.